கேட்டது கிடைக்காத ஜெபம்

நம்மவர்களில் கிறிஸ்தவர்களாக இருப்பவர் வீடுகளில் ஒரு படம் உண்டு. தாராவியில் ஒற்றை அறையானாலும் சரி, முலுண்டில் சொந்த ஃபிளாட் ஆனாலும் சரி, அந்தப் படத்துக்கென்று சுவரில் ஓர் ஆணி இருக்கும். இரவு நேரம். ஒரு பாறையின் மேல் கோத்த கைகளை ஊன்றி இயேசு முழங்காலில் நிற்கிறார். மேலேயிருந்து ஓர் ஒளிக்கற்றை அவர் மீது விழுகிறது. முகத்தில் சாந்தம். உடையில் ஒரு கசங்கல் கிடையாது. கிறிஸ்தவர் அல்லாத வாசகர்களும் இதைப் பார்த்திருப்பார்கள். காலண்டரில் இல்லாவிட்டால், டாக்சிக்காரர் ஒட்டி வைத்த ஸ்டிக்கரில்.

இதை எழுதியவர் ஹைன்ரிக் ஹோஃப்மன் என்ற ஜெர்மானிய ஓவியர். 1824-இல் பிறந்து 1911-இல் மறைந்தவர். மூலப் படம் நியூயார்க்கில் ரிவர்சைடு சர்ச் என்ற ஆலயத்தில் இருக்கிறது. கோடீசுவரர் ஜான் ராக்பெல்லர் ஜூனியர் வாங்கிக் கொடுத்தது. அங்கிருந்து நகலுக்கு நகலாக உலகம் சுற்றி நம் ஊர் காலண்டர் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நல்ல படம்தான். குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் படம் காட்டுகிற இரவு வேறு, சுவிசேஷம் சொல்லுகிற இரவு வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசத்தால் நம் ஜனங்களில் சிலர் வீணாக அடிபடுகிறார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

சம்பவத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எருசலேம் நகருக்குக் கிழக்கே கெதரோன் என்ற பள்ளத்தாக்கைத் தாண்டினால் ஒலிவ மலை. அதன் அடிவாரத்தில் உள்ள தோட்டத்துக்குக் கெத்செமனே என்று பெயர். நம் மொழியில் சொன்னால் எண்ணெய்ச் செக்கு. ஒலிவக் காய்களைப் போட்டு நசுக்கி எண்ணெய் எடுத்த இடம். பஸ்கா விருந்து முடிந்து நடு இரவை நெருங்கும் நேரத்தில் இயேசு சீடர்களுடன் அங்கே வருகிறார். பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரை மட்டும் கூட்டிக்கொண்டு சற்று உள்ளே போகிறார். சாகும் அளவுக்குத் துக்கமாக இருக்கிறது என்று அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுகிறார். இங்கேயே இருந்து என்னோடு விழித்திருங்கள் என்கிறார். பிறகு கல்லெறி தூரம் போய்த் தரையில் விழுகிறார்.

விழுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மத்தேயு முகங்குப்புற விழுந்தார் என்று எழுதுகிறார். மாற்கு தரையிலே விழுந்தார் என்கிறார். லூக்கா ஒருவர்தான் முழங்காலில் நின்றதாகச் சொல்லுகிறார். காலண்டர்காரர்கள் லூக்காவை எடுத்துக்கொண்டார்கள். மற்ற இருவரையும் விட்டுவிட்டார்கள்.

அவர் கேட்டது ஒரே ஒரு விஷயம். தமக்கு வரப்போகிற பாடு தம்மை விட்டு விலக வேண்டும். அதைப் பாத்திரம் என்று பழைய தமிழ் வேதாகமம் சொல்லும். கத்தோலிக்கர் துன்பக் கிண்ணம் என்பார்கள். குடித்துத் தீர வேண்டிய கசப்பு என்று பொருள். அதை எடுத்துவிடும் என்று கேட்டார். கேட்டுவிட்டு, ஆனாலும் உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றார். எழுந்து வந்து பார்த்தால் மூவரும் தூக்கம். மறுபடியும் போய் அதையே கேட்டார். வந்து பார்த்தார், தூக்கம். மூன்றாம் தடவையும் போய், அதே வார்த்தைகளைச் சொல்லிக் கேட்டார். பதில் என்ன வந்தது? யூதாசும் தீவட்டிக்காரர்களும் வந்தார்கள். மறுநாள் சிலுவை.

மாற்கு எழுதியதில் ஒரு சொல் நமக்கென்றே வைத்தது போல இருக்கிறது. அவர் கிரேக்க மொழியில் எழுதியவர். ஆனால் அந்த ஜெபத்தின் முதல் வார்த்தையை மட்டும் இயேசு பேசிய அரமேயு மொழியிலேயே விட்டு வைத்தார். அந்த வார்த்தை "அப்பா". உலகத்தில் உள்ள மற்ற ஜனங்களுக்கெல்லாம் பிரசங்கியார் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டும். தமிழனுக்கு அந்தச் சிரமம் இல்லை. அடிபட்ட பிள்ளை எப்படிக் கூப்பிடுமோ அப்படித்தான் அங்கே கூப்பிட்டிருக்கிறது.

இது சாதாரண விஷயம் அல்ல. கடவுளின் குமாரன் என்று தாங்கள் கும்பிடுகிறவர், சாவுக்குப் பயந்து தரையில் விழுந்து கெஞ்சினார் என்று தங்கள் வேதத்திலேயே எழுதி வைத்துக்கொள்ள எந்த மதத்தாருக்குத் துணிச்சல் வரும்? கிறிஸ்தவர்களுக்கே ஆதியில் இது கூச்சமாகத்தான் இருந்திருக்கிறது. யோவான் சுவிசேஷத்தில் தோட்டம் வருகிறது; அந்த ஜெபம் இல்லை. லூக்காவில், வேர்வை ரத்தத் துளிகளைப் போலத் தரையில் விழுந்தது என்று வருகிற இரண்டு வசனங்கள், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் காணப்படவில்லை. பின்னால் சேர்த்தார்களா, முன்னால் இருந்ததை யாரோ எடுத்தார்களா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

எதிரிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்று ஒருவர். கிறிஸ்தவத்தைக் கண்டித்துப் புத்தகம் எழுதியவர். இவர் கடவுள் என்றால் ஏன் புலம்புகிறார், ஏன் தப்பிக்க வேண்டுகிறார் என்று கேலி செய்தார். அந்தக் காலத்துப் படித்தவர்களுக்கு முன்மாதிரி சாக்ரடீஸ். கிறிஸ்துவுக்கு 399 வருஷம் முன்பு ஏதென்ஸ் நகரச் சிறையில் விஷக் கோப்பையைக் கையில் வாங்கி, நண்பர்களுடன் பேசிக்கொண்டே பதறாமல் குடித்தவர். அழுத நண்பர்களை அவரே அதட்டினாராம். அங்கேயும் ஒரு கோப்பை, இங்கேயும் ஒரு கோப்பை. அங்கே நண்பர்கள் அழுகிறார்கள், பெரியவர் சிரிக்கிறார். இங்கே பெரியவர் அழுகிறார், நண்பர்கள் குறட்டை விடுகிறார்கள். வீரம் எங்கே என்று கேட்டால் செல்சஸ் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லத் தோன்றும். ஆனால் தூக்கம் வராத ராத்திரியில் எவரிடம் போய் உட்காரலாம் என்று கேட்டுப் பாருங்கள்.

ஓவியர்களும் இந்த இரவைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் மாந்தென்யா, பெல்லினி என்று இரண்டு பேர், மைத்துனர்கள். மாந்தென்யா கட்டியது பெல்லினியின் சகோதரியை. 1450-களிலும் அதையொட்டியும் இருவரும் இந்தக் காட்சியைத் தனித்தனியே எழுதினார்கள். இரண்டும் இன்று லண்டன் தேசியக் காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. மாந்தென்யா படத்தில் கல்லும் பாறையும்தான் எங்கும். பிடிக்க வருகிற கூட்டம் தூரத்தில் நகரத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டது. வழியில் முயல்கள் பாட்டுக்கு விளையாடுகின்றன. உலகம் தன் வேலையைப் பார்க்கிறது என்பதை முயலை வைத்துச் சொன்ன மனிதர் கெட்டிக்காரர். பெல்லினி படத்தில் பொழுது விடியப் போகிறது. அந்த வானத்தின் வெளிச்சத்தைப் பற்றி எழுதாத கலை விமர்சகர் இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு பேர். ஒருவர் ஸ்பெயின் தேசத்து ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா. மற்றவர் ஜெர்மானிய இசை மேதை பீத்தோவன். இருவரும் காது கேளாதவர்கள்.

பீத்தோவனுக்கு முப்பது வயதுக்குள்ளேயே காது மந்தமாக ஆரம்பித்தது. சங்கீதக்காரனுக்குக் காது போனால் என்ன மிச்சம்? 1802 அக்டோபரில் வியன்னாவை அடுத்த ஒரு கிராமத்தில் உட்கார்ந்து தம்பிகளுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். உயிரை விட்டுவிடலாமா என்று நினைத்ததையும், கலை ஒன்றுதான் தடுத்தது என்பதையும் அதில் சொல்லியிருக்கிறார். கடிதத்தை அனுப்பவில்லை. 1827-இல் அவர் இறந்த பிறகு காகிதங்களுக்குள் கிடைத்தது. அந்தக் கடிதத்தை ஒட்டிய மாதங்களில் அவர் இசையமைத்ததுதான் "ஒலிவ மலையில் கிறிஸ்து" என்ற இசை நாடகம். 1803 ஏப்ரல் 5-ஆம் தேதி வியன்னாவில் முதலில் அரங்கேறியது. அவருடைய பெரிய படைப்புகளோடு இதைச் சேர்க்க மாட்டார்கள். முடிவில் ஆரவாரம் கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும் கிறிஸ்துவின் வாழ்க்கையில் எத்தனையோ காட்சி இருக்க, அந்த மனிதர் அந்தச் சமயத்தில் ஏன் இந்த ஒரு காட்சியை எடுத்தார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கோயா 1792-இல் தொடங்கிய ஒரு கடும் நோயில் செவியை இழந்தார். 1819-இல், எழுபது வயதைத் தாண்டிய பிறகு, மாட்ரிட்டில் பள்ளி நடத்திய பியாரிஸ்டு துறவிகளுக்கு ஒரு சின்னப் படத்தை அன்பளிப்பாகக் கொடுத்தார். 47 சென்டிமீட்டர் உயரம், 35 சென்டிமீட்டர் அகலம். நம் வீட்டுக் காலண்டர் அளவுதான். முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளை உடையில் இயேசு இரண்டு கைகளையும் விரித்து மண்டியிட்டிருக்கிறார். இன்னும் சிலுவை வரவில்லை, கைகள் மட்டும் அதற்குள் சிலுவைக்கு விரிந்துவிட்டன. முகத்தைப் பார்த்தால் மூன்று நாள் தூங்காதவன் முகம். மேலேயிருந்து தூதன் வருகிறான், கையில் கிண்ணம். ஆறுதல் கொண்டு வரவில்லை, எதை எடுத்துவிடும் என்று கேட்டாரோ அதையே கொண்டு வருகிறான். ஹோஃப்மன் படத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி வைத்துப் பார்க்க வேண்டும். கோயா படத்தை எந்த மளிகைக் கடையும் காலண்டரில் போடாது.

வான்கோ கதை இன்னும் விசேஷம். வாலிபத்தில் பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நடுவே பிரசங்கியாக இருந்தவர். 1888-இல் பிரான்சில் ஆர்ல் நகரில் இருந்தபோது கெத்செமனே காட்சியை எழுதினார். பிடிக்கவில்லை, சுரண்டி எடுத்துவிட்டார். சில வாரம் கழித்து மறுபடியும் எழுதினார், அதையும் அழித்துவிட்டார். ஆளை முன்னால் நிறுத்தி வைத்துப் பார்க்காமல் அப்படிப்பட்ட உருவத்தை எழுதக் கூடாது என்று தம்பிக்குக் கடிதம் எழுதினார். மறுவருஷம் அவருடைய நண்பர் கோகான் அந்தக் காட்சியை எழுதியபோது, இயேசுவுக்குத் தம் முகத்தையே வைத்தார். வான்கோவுக்கு அது பிடிக்கவில்லை. அவர் அப்போது சேன் ரெமி என்ற ஊரில் மனநோய் விடுதியில் இருந்தார். வெளியே ஒலிவத் தோப்பு. இயேசுவும் இல்லாமல் தூதனும் இல்லாமல் வெறும் ஒலிவ மரங்களை வரிசையாக எழுதித் தள்ளினார். முறுக்கிக்கொண்டு நிற்கிற அந்த மரங்களைப் பார்த்தவர்கள், கெத்செமனே அதற்குள்ளேயே இருக்கிறது என்பார்கள்.

நிஜக் கெத்செமனேயிலும் எட்டுக் கிழட்டு ஒலிவ மரங்கள் இருக்கின்றன. கிறிஸ்துவைப் பார்த்த மரங்கள் என்று வழிகாட்டிகள் சொல்லுவது வழக்கம். இத்தாலிய விஞ்ஞானிகள் சோதித்து 2012-இல் முடிவைச் சொன்னார்கள். மூன்று மரங்களின் தண்டுகளுக்கு வயது கணிக்க முடிந்தது, பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டியவை. பக்கத்தில் 1924-இல் கட்டி முடித்த ஆலயம் இருக்கிறது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் அந்தோனியோ பார்லூச்சி கட்டியது. பல நாட்டார் பணம் கொடுத்ததால் சகல நாடுகளின் ஆலயம் என்று பெயர். ஜன்னல்களுக்கு ஊதா நிறக் கல்லைப் போட்டு, பட்டப் பகலிலும் உள்ளே ராத்திரியாக இருக்கும்படி அவர் செய்துவிட்டார். வெளிச்சத்தைக் கொண்டுவரத்தான் எல்லோரும் ஜன்னல் வைப்பார்கள்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இங்கே ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். வழக்கமாகப் போகிற ஆலயத்தோடு, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஒரு ஜெபக் குழுவுக்கும் போனார். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. வீட்டுக்கு வந்து கை வைத்து ஜெபித்தார்கள். உபவாசம் இருந்தார்கள். சுகம் கிடைத்துவிட்டது, விசுவாசித்தால் போதும் என்று உறுதியாகச் சொன்னார்கள். பத்து மாதம் கழித்து அந்த அம்மாள் இறந்து போனார். அடக்கம் முடிந்த நாலாம் நாள் அந்தக் குழுவின் பெரியவர் ஒருவர் வந்து, இந்த வீட்டில் எங்கேயோ அவிசுவாசம் இருந்திருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நண்பர் அதற்குப் பிறகு எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. கோபத்தால் அல்ல. என் அவிசுவாசத்தால் அவள் செத்தாளோ என்று அவர் நிஜமாகவே நம்புகிறார். மனைவியை இழந்ததற்கு மேல் இந்தக் கொலைப் பழியையும் தலையில் சுமந்துகொண்டு லோக்கல் ரயில் ஏறி இறங்குகிறார்.

இப்படிப்பட்டவர் ஒருவர்தான் என்று நினைக்க வேண்டாம். வேலைக்கு மனுப் போட்டுப் போட்டு வயது கடந்தவன், பிள்ளையில்லாதவள், குடிகாரப் புருஷனுக்காகப் பதினைந்து வருஷம் முழு இரவு ஜெபத்துக்குப் போனவள் என்று நம் குடியிருப்புகளில் எத்தனையோ பேருக்கு இதே பதில் கொடுக்கப்பட்டிருக்கிறது. கேட்டது கிடைக்கவில்லையா, விசுவாசம் போதவில்லை. கணக்குச் சுலபமாக முடிந்துவிடுகிறது. சொன்னவருக்கு நஷ்டம் இல்லை.

அவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். தோட்டத்தில் கேட்டவருக்கு விசுவாசம் போதவில்லையா? வாரத்தைக்கு வார்த்தை மூன்று முறை கேட்டாரே, கிடைத்ததா? பவுல் அப்போஸ்தலரும் தம் சரீரத்தில் இருந்த ஒரு முள் நீங்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். நீங்கவில்லை. இவர்களுக்கு எந்தப் பெரியவர் போய் அவிசுவாசம் என்று சொல்லுவது? கிறிஸ்தவ வேதத்தில் மிகப் பெரிய ஜெபம் எது என்று கேட்டால், அது கேட்டது கிடைக்காமல் போன ஜெபம். இதை மறைத்துவிட்டு நடத்துகிற சுகமளிக்கும் கூட்டம் எதுவானாலும் அது பாதி வேதத்தை வைத்துக்கொண்டு நடத்தப்படுகிறது.

உடனே வேறு ஒரு கட்சியார் எழுந்திருப்பார்கள். தம்பி, நீ சொல்லுவது சரி, அதனால்தான் அவர் உம் விருப்பப்படியே ஆகட்டும் என்று சொன்னார், நாமும் அப்படித்தான் அடங்கிப் போக வேண்டும் என்பார்கள். சாவு வீட்டில் இதைக் கேட்காதவர் யார்? எல்லாம் அவர் சித்தம், அழக் கூடாது, அழுதால் அவருக்கு விரோதம். கல்லூரியில் சேர வேண்டிய மகனை விபத்தில் பறிகொடுத்த தாயிடம் இதைச் சொல்லுகிறார்கள்.

அந்த வாக்கியத்தை யார் சொன்னார் என்று பாருங்கள். பாடு படப் போகிறவர் சொன்னார். பேதுரு சொல்லவில்லை. யோவான் அவர் தோளைத் தட்டி, போதகரே, எல்லாம் பிதாவின் சித்தம் என்று ஆறுதல் கூறவில்லை. நல்ல வேளையாகத் தூங்கிப் போனார்கள். விழித்திருந்தால் சொல்லியிருப்பார்களோ என்னவோ. துன்பப்படுகிறவன் தானாக வந்து சேர வேண்டிய வார்த்தை அது. அவரே கூட அதற்கு முன்னால் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், திரும்ப வந்திருக்கிறார், மறுபடியும் போய் விழுந்திருக்கிறார். பார்க்க வந்தவன் ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு ஒரே நிமிஷத்தில் அதை எடுத்துச் சொல்லுவது கொடுமை.

அப்படியானால் பார்க்க வந்தவனுக்கு என்ன வேலை? தோட்டத்திலேயே பதில் இருக்கிறது. அவர் சீடர்களிடம் பிரசங்கம் கேட்கவில்லை. ஆலோசனை கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கூட விழித்திருக்க முடியவில்லையா என்றுதான் கேட்டார். கேட்ட உதவி அவ்வளவே. அது கூடக் கிடைக்கவில்லை.

தூங்கினவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இரவுப் பணி பார்க்கிறவர்களுக்கு விளங்கும். இரண்டு மணிக்கு மேல் கண்ணைத் திறந்து வைத்திருப்பது மன உறுதியால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. அன்று விருந்தும் திராட்சை ரசமும் ஆகி, நடந்து வேறு வந்திருக்கிறார்கள். லூக்கா இன்னும் இரக்கமாக எழுதுகிறார், அவர்கள் துக்கத்தினால் தூங்கினார்களாம். வைத்தியர் என்று பேர் பெற்றவர் அல்லவா, தெரிந்திருக்கிறது. அடுத்தவன் துன்பத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாமல் மனசு கதவைச் சாத்திக்கொள்ளுவது உண்டு. நாம் செல்போனைப் பார்த்துக்கொள்ளுகிறோம். அவர்களிடம் அது இல்லை.

இங்கிலாந்தில் தாமஸ் மோர் என்ற பெரிய அதிகாரி, எட்டாம் ஹென்றி மன்னனின் சத்தியப் பிரமாணத்தை ஏற்க மறுத்து லண்டன் கோபுரச் சிறையில் கிடந்தபோது, இந்தத் தோட்டத்து இரவைப் பற்றித்தான் லத்தீனில் ஒரு புத்தகம் எழுதினார். 1535 ஜூலை 6-ஆம் தேதி அவர் தலையை வெட்டினார்கள். பயப்படுவது பாவம் அல்ல, பயந்துகொண்டே போகிறவனுக்கும் கிறிஸ்து துணை இருக்கிறார் என்பது அந்தப் புத்தகத்தின் ஓட்டம். தம்மைத் தாமே தேற்றிக்கொண்டிருக்கிறார். அதிலே ஓரிடத்தில் மனிதர் சாட்டையை எடுக்கிறார். சீடர்கள் எல்லோரும் தூங்கிக் கிடக்க, அன்று ராத்திரி கண் இமைக்காமல் விழித்திருந்து வேலை பார்த்தவன் யூதாஸ் ஒருவன்தானே என்று கேட்டு, அதை அந்தக் காலத்து ஆயர்கள் மேல் திருப்புகிறார். அவர் கைப்பட எழுதிய பிரதி ஸ்பெயினில் வலென்சியா நகரில் இருக்கிறது.

இன்னொரு சிறைவாசி ஜெர்மானியப் போதகர் டீட்ரிக் போன்ஹோஃபர். ஹிட்லருக்கு எதிராகச் சதி செய்தவர்களோடு சேர்ந்தவர் என்று 1945 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின வருஷம் ஜூலையில் பெர்லின் சிறையிலிருந்து நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கேள்வியையே எடுக்கிறார். மனிதன் கடவுளிடம் உதவி கேட்பது எல்லா மதத்திலும் இருக்கிறது, இங்கேயோ கடவுள் மனிதனைப் பார்த்து என்னோடு விழித்திரு என்கிறார், எல்லாம் தலைகீழ் என்று அவர் கருத்து.

கத்தோலிக்கருக்கு இதற்கென்று ஒரு பழக்கம் உண்டு. 1674-இல் பிரான்சில் பாரே-லெ-மோனியால் மடத்தில் இருந்த மார்கரீத் மரியா என்ற கன்னிகை, வியாழன் இரவு பதினோரு மணி முதல் பன்னிரண்டு வரை தோட்டத்து வேதனையை நினைத்து விழித்திருக்கத் தமக்குக் கட்டளை கிடைத்ததாகச் சொன்னார். அதிலிருந்து அந்த ஒரு மணி நேர ஆராதனை பரவியது. பெரிய வியாழன் இரவில் இங்கேயும் கோயில்களில் முறை வைத்து, குடும்பம் குடும்பமாக வந்து உட்காருகிறார்கள். நல்ல ஏற்பாடு. மல்லிகைப் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து ஒரு மணி நேரம் கிறிஸ்துவோடு விழித்திருக்கிறவர்கள், அதே மணி நேரத்தை இன்னொரு இடத்திலும் செலவு செய்யலாமே என்பது என் யோசனை.

பரேலில் புற்றுநோய் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்து, தங்க இடமில்லாமல், பிளாஸ்டிக் விரிப்பில் படுத்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஜனங்களும் அதில் உண்டு. இந்தி தெரியாது, மராத்தி தெரியாது. எந்தக் கவுன்டரில் எந்தச் சீட்டு என்று தெரியாது. கூட வந்தவர் ஒருவரே. அவர் தூங்கினால் மூட்டையைப் பார்க்க ஆள் இல்லை. ஒரு சபையார் வாரத்துக்கு ஒரு ராத்திரி, இரண்டு பேர் போய் அங்கே உட்கார்ந்திருந்தால் போதும். ஜெபம் பண்ணச் சொன்னால் பண்ணலாம். சொல்லாவிட்டால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, நீங்கள் கொஞ்சம் படுங்கள் அண்ணாச்சி, நாங்கள் பார்த்துக்கொள்ளுகிறோம் என்று சொல்லலாம். கிறிஸ்தவர்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. தமிழ்ச் சங்கத்தார் போகலாம், ஐயப்பன் குழுவார் போகலாம்.

இன்னொரு யோசனை சபைத் தலைவர்களுக்கு. ஒவ்வொரு கூட்டத்திலும் சாட்சி நேரம் என்று ஒன்று வைக்கிறீர்கள். வேலை கிடைத்தவர் எழுந்து சொல்லுகிறார். விசா கிடைத்தவர் சொல்லுகிறார். கட்டி கரைந்தவர் சொல்லுகிறார். கைதட்டுகிறோம். சந்தோஷம்தான், சொல்லட்டும். அதிலே ஐந்து நிமிஷத்தை, கேட்டது கிடைக்காதவருக்கு ஒதுக்குங்கள். அவர் எழுந்து, நான் கேட்டேன், கிடைக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன் என்று சொல்லட்டும். அதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம், அல்லேலூயா போட வேண்டாம், அவர் தலையில் கை வைக்கவும் வேண்டாம். அவர் பேசி முடித்து உட்காருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். நான் சொன்ன அந்தக் கணக்கு எழுதுகிற நண்பரை அப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வருவார் என்று நினைக்கிறேன். லெந்து காலத்து வெள்ளிக்கிழமைக் கூட்டங்களில் ஒன்றில் இதை ஆரம்பித்துப் பார்க்கலாம்.